கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கண்ணமங்கலத்தைக் கடந்து போளூரை எட்டுமுன் அமைந்திருக்கும் ஊர் சந்தவாசல். அதன் மேற்கே சவ்வாது மலை நெடிய மதிலென நிற்கிறது. மழைக்காலத்தில் அம்மலையின் சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் கமண்டல நதியிலும் செய்யாற்றிலும் சென்று கலந்து, ஏரிகளை நிரப்பி, கழனிகளுக்கு உயிரூட்டுகின்றன. அந்த நீரோடு சின்னஞ்சிறு மீன்களும் வருகின்றன. வெள்ளித் துணுக்குகளெனப் புரளும் கெண்டைக் குஞ்சுகளையும், மணலோடு மணலாய் மறையும் அயிரையையும் துண்டை விரித்துப் பிடித்துப் புட்டியில் இட்டு வீட்டிற்குக் கொண்டுவருவது, மலையடிவாரத்துச் சிறுவர்களுக்கு மட்டுமன்றி நாடெங்கும் உள்ள சிறுவர்களுக்கு விருப்பமான விளையாட்டாகும்.

சிறுவரின் விளையாட்டு ஒருபுறமிருக்க, பெரியவர்களும் இன்று வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகு பார்க்கிறார்கள். கடையில் விற்கும் அயல்நாட்டு வண்ண மீன்கள் அலுத்துப்போய், நம் நாட்டு ஓடைகளிலும் ஆறுகளிலும் இயற்கையாய் வாழும் மீன்களைத் தேடிப் பிடித்து வளர்க்கும் ஆர்வமும் பெருகியிருக்கிறது. இது மார்க்கத்தில் ஆகுமானதா? நாட்டின் சட்டம் இதற்கு இடமளிக்கிறதா? “ஓடை மீனுக்கு உரியவர் யாருமில்லை, பிடித்தவனுக்கே அது சொந்தம், மீனோ ஹலாலான பிராணி, இதிலென்ன ஆராய்ச்சி?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி எளியது போலத் தோன்றினும், விடை அத்துணை எளிதன்று.

மார்க்கம் தந்த அனுமதி

முதலில் அனுமதியைப் பேசுவோம். நீர்வாழ் வேட்டையை இறைவன் நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான். இஹ்ராம் உடையில் இருக்கும் ஹாஜிக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்ட நிலையிலும் நீர் வேட்டை தடுக்கப்படவில்லை என்பதைத் திருமறை (5:96) தெளிவாக உரைக்கிறது. ஆற்றில் நீந்தும் மீன் எவருடைய உடைமையுமன்று; முறைப்படி பிடித்துத் தன் கைவசப்படுத்தியவனுக்கே அது உரியது என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. கையில் அகப்படாத மீனை நீரில் இருக்கும்போதே விற்பது கூடாது என்று அவை விலக்கியிருப்பதும் இதனால்தான்.

பிராணிகளை அடைத்து வளர்ப்பதற்கும் முன்மாதிரி உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு பறவையை வளர்த்து விளையாடி வந்தார். அப்பறவை இறந்துபோக, வாடியிருந்த அச்சிறுவரிடம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றிக் கனிவுடன் கேட்டு ஆறுதலளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியிலிருந்து, துன்புறுத்தாமல் உணவும் நீரும் அளித்துப் பேணுவதாயின் பறவையைக் கூண்டில் வைத்திருப்பது ஆகும் என்று அறிஞர் பெருமக்கள் முடிவு கண்டார்கள். பறவைக்குப் பொருந்துவது மீனுக்கும் பொருந்தும். ஆகவே, மீன்தொட்டி வைப்பதே பாவம் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

அனுமதிக்கு ஓர் எல்லை உண்டு

ஆனால் அனுமதி என்பது அளவற்ற உரிமைச் சீட்டு ஆகாது. பூனையொன்றை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், பூமியில் கிடைப்பதைத் தின்று பிழைக்க அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அப்பெண் பூனையை அடித்துக் கொன்றவள் அல்லள். அடைத்தாள், அடைத்தபின் அதன் தேவையை மறந்தாள். அந்த மறதியே அவளுடைய குற்றமாயிற்று. தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் உயிரைப் பிடித்து அடைத்த நொடியிலேயே, அதன் உணவுக்கும் நலத்திற்கும் பொறுப்பு அடைத்தவனின் தலைமேல் ஏறிவிடுகிறது என்னும் பேருண்மையை இந்நபிமொழி நமக்குப் புகட்டுகிறது.

மற்றொரு நிகழ்ச்சியைக் காண்போம். பயணமொன்றில் நபித்தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகை விரித்துத் தவித்து வட்டமிட்டது. அதனைக் கண்ணுற்ற அண்ணலார் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து அதனை வருத்தியவர் யார் என்று வினவி, அவற்றைத் திருப்பி வைக்குமாறு பணித்தார்கள். அபூதாவூத் தொகுப்பில் உள்ள செய்தி இது. பறவையை வேட்டையாடி உண்பது ஆகும். அதன் குஞ்சுகளை வேடிக்கைக்காக எடுத்து வருத்துவது ஆகாது. நோக்கம் மாறும்போது தீர்ப்பும் மாறுவதை இங்கே காண்கிறோம். திருமறை நீர் வேட்டையை ஆகுமாக்கிய அதே வசனத்தில், அது உங்களுக்கும் பயணிகளுக்கும் பயன்படும் பொருட்டே என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. உணவுக்காக ஒரு மீனைப் பிடிப்பவன் தேவையை நிறைவேற்றுகிறான். அழகுக்காகப் பிடிப்பவனோ, தேவையில்லாத ஒன்றுக்காக ஓர் உயிரின் வாழ்வைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறான். அவன் இன்னும் கூடுதலாக அஞ்ச வேண்டும்.

மேலும், பூமியில் ஊர்ந்து செல்லும் உயிர்களும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று இறைமறை (6:38) அறிவிக்கிறது. ஒரு தனி மீனுக்கு இழைக்கும் துன்பம் ஒன்று. ஒரு சமுதாயத்தையே இல்லாதொழிப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது கேடு வெறும் கற்பனை என்று எண்ணுவோர்க்கு நம் அண்டை மாநிலத்தின் அனுபவம் ஒன்று பாடமாக அமையும்.

‘மிஸ் கேரளா’ சொல்லும் கதை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தெளிந்த ஓடைகளில், கேரளத்திலும் கருநாடகத்தின் சில பகுதிகளிலும் வாழும் ஒரு சிறு மீன் உண்டு. ஒரு சாண் நீளத்தைத் தாண்டாத அதன் வெள்ளி உடலில், மூக்கிலிருந்து ஒரு கருங்கோடும் அதன்மேல் ஒரு செங்கோடும் ஓடும். 1865-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்னும் மீனின அறிஞர் இதனை உலகுக்கு விவரித்து, அந்நாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த வில்லியம் டெனிசன் பெயரை இதற்குச் சூட்டினார். டெனிசன் கெண்டை என்று நூல்களில் வழங்கும் இம்மீனுக்கு வணிகர்கள் இட்ட செல்லப் பெயர் ‘மிஸ் கேரளா’.

நூறாண்டுகளுக்கும் மேலாக மலையோரத்து மக்களைத் தவிர வேறெவரும் பொருட்படுத்தாதிருந்த இம்மீன், 1990-களின் இடையில் அயல்நாட்டு மீன்தொட்டி வணிகத்தின் கண்ணில் பட்டது. 1997-இல் சிங்கப்பூரில் நடைபெற்ற அக்குவாராமா கண்காட்சியில் புதிய மீன்களுக்கான பிரிவில் பரிசும் பெற்றது. அன்று பிடித்தது அதற்குத் தீவினை. உலகெங்கும் ஆர்வலர்கள் விலை கொடுத்துக் கேட்கத் தொடங்கவே, ஓடை ஓடையாக வலைகள் விழுந்தன. பண்ணையில் வளர்த்துத் தந்த மீன்கள் அல்ல அவை. ஒவ்வொன்றும் காட்டோடையில் பிறந்து, காட்டோடையிலிருந்தே எடுக்கப்பட்டவை.

2005 முதல் 2012 வரையிலான ஏற்றுமதிக் கணக்குகளை ஆராய்ந்த அறிஞர்கள், அழிவை எதிர்நோக்கும் 30 நன்னீர் மீனினங்களைச் சேர்ந்த 15 லட்சத்திற்கும் மேற்பட்ட மீன்கள் அக்காலத்தில் இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்குச் சென்றதாகக் கண்டறிந்து 2013-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் பெரும்பங்கு வகித்த மூவகை மீன்களுள் ‘மிஸ் கேரளா’வும் ஒன்று; மற்றொன்று கேரளத்து நீர்நிலைகளில் வாழும், விரலின் ஒரு கணுவளவே உள்ள குட்டிப் பேத்தை மீன். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ‘மிஸ் கேரளா’வை அழிவுநிலையை எட்டிய இனமென வகைப்படுத்தியிருக்கிறது. வலை ஒன்றே காரணமன்று. ஓடைகளின் சீர்கேடும், மணல் எடுப்பும், அணைகளும் சேர்ந்து வருத்திய காலத்தில் வலையும் சேர்ந்துகொண்டது என்பதே நேர்மையான கணிப்பாகும்.

சிறு தொட்டியொன்றில் நான்கு மீன்களை நீந்தவிட்டு மகிழ்ந்த ஒருவரும், தாம் ஓர் இனத்தின் அழிவில் பங்குகொள்வதாக எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் ஆயிரக்கணக்கானோரின் அச்சிறு மகிழ்ச்சிகள் ஒன்றுசேர்ந்தே அவ்வோடைகளை வெறுமையாக்கின. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்தாலும் நீரை வீண்செய்யலாகாது என்று கற்பிக்கப்பட்ட உம்மத்து நாம். ஆறு நிறைந்திருக்கிறது என்பது அள்ளுபவனின் பொறுப்பைக் குறைப்பதில்லை.

சனிக்கிழமை மீன்கள்

நிலைமையை உணர்ந்த கேரள மீன்வளத் துறை 2008-ஆம் ஆண்டில் இம்மீனைப் பிடிப்பதற்கும் அனுப்புவதற்கும் கட்டுப்பாடுகளை விதித்தது. குறிப்பிட்ட மாதங்களில் பிடிக்கலாகாது என மூடுகாலம் வகுத்தது. நன்னோக்கத்தோடு செய்த ஏற்பாடே எனினும், அம்மூடுகாலம் இம்மீன் இனம்பெருக்கும் மாதங்களோடு பெரும்பாலும் பொருந்தவில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இங்கே நம் மனச்சாட்சிக்கு ஒரு சோதனை எழுகிறது. மூடுகாலம் முடிந்த மறுநாள், சினை முட்டையோடு நீந்தும் மீனைப் பிடிப்பவன் சட்டத்தை மீறியவனல்லன். ஆனால் அச்சட்டம் எதைக் காக்க எழுந்ததோ, அதனை அவன் அழிக்கிறான்.

இந்நிலையில் திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம் (7:163–166) கூறும் கடற்கரை ஊரின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமையில் மீன்பிடிக்கலாகாது என்று அவ்வூரார்க்கு விலக்கப்பட்டிருந்தது. அவர்களைச் சோதிக்கும் பொருட்டு அந்நாளில் மீன்கள் நீர்மட்டத்தில் திரளாக வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. அவர்களுள் சிலர் ஒரு தந்திரம் செய்தனர். சனிக்கிழமையில் மீன்கள் வந்து சிக்கிக்கொள்ளும் வண்ணம் குழிகளும் வலைகளும் அமைத்துவைத்து, மறுநாள் சென்று எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். சொல்லளவில் கட்டளை மீறப்படவில்லை; உள்ளத்தளவில் கட்டளையே இல்லாமற் போயிற்று. அவர்கள் அடைந்த இழிவை நாமறிவோம்.

அந்த ஊரில் மூன்று கூட்டத்தார் இருந்தனர் என்பதும் கருதத்தக்கது. தந்திரம் செய்தவர்கள் ஒரு சாரார்; தடுத்துரைத்தவர்கள் மற்றொரு சாரார்; வாளாவிருந்தவர்கள் மூன்றாமவர். தீமையைத் தடுத்தவர்களைக் காப்பாற்றியதாகவே இறைவன் கூறுகிறான். வலைவீசுபவர் மட்டுமே பொறுப்பாளி, வாங்கி வைப்பவருக்கும் விற்பவருக்கும் பொறுப்பில்லை என்று நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

காட்டுநீரில் பிடித்த மீனை வளர்க்க எண்ணுவோர் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் சில உள. நம் நாட்டில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றமாக்கப்பட்டது. சவ்வாது மலையின் பெரும்பகுதி காப்புக்காடாகும். காப்புக்காட்டிற்குள் உத்தரவின்றி நுழைவதையும், வேட்டையாடுவதையும், மீன் பிடிப்பதையும், நீரில் நஞ்சு கலப்பதையும் வனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது.

காடல்லாத ஏரி, குளங்களிலும் மீன் எவர்க்கும் பொதுவென்று எண்ணிவிடலாகாது. பல ஏரிகளில் மீன்பாசி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரின் இசைவின்றி அங்கே ஒரு குஞ்சைப் பிடிப்பதும் பிறர் உரிமையில் கைவைப்பதாகும்.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், அட்டவணையில் கண்ட உயிரினங்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. அச்சட்டத்தில் ‘வேட்டை’ என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று. உயிரோடு பிடிப்பதும் வேட்டையே. மன்னார் வளைகுடாக் கரையோரத்தில் வாழும் நம் சகோதரர்கள் நன்கறிந்த கடற்குதிரை 2001-ஆம் ஆண்டு முதல் இச்சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. உயிருள்ள பவளப்பாறையும் அவ்வாறே. அழகென்று கருதிக் கடல்நீர்த் தொட்டியில் இவற்றை வைப்பவர் சிறைத்தண்டனைக்குரிய குற்றம் புரிந்தவராவார். இச்சட்டத்தின் அட்டவணைகள் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆகவே, பழைய நினைவைக் கொண்டு “இந்த மீனுக்குத் தடையில்லை” என்று முடிவு செய்துவிடாமல், வனத்துறையினரிடமோ மீன்வளத் துறையினரிடமோ கேட்டுத் தெளிவது கடமையாகும்.

காட்டிற்கு எல்லை வகுத்து, “இங்கே வேட்டையாடாதே” என்று அரசு சொல்வதை நம்மில் சிலர் வீண் கெடுபிடியாகக் கருதுகின்றனர். வேட்டைக்கு எல்லை வகுப்பது இஸ்லாத்திற்குப் புதியதன்று. மக்கமா நகரின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை வெருட்டுவதுகூட விலக்கப்பட்டிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கும் புனித எல்லை வகுத்தார்கள். அங்கே மான்கள் மேயக் கண்டாலும் தாம் அவற்றை வெருட்டமாட்டோம் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியிருப்பது ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. பொதுநலன் கருதி மேய்ச்சல் நிலங்களை ‘ஹிமா’ என ஒதுக்கிக் காத்ததும் நபிகளாரின் காலத்திலேயே தொடங்கிய ஏற்பாடாகும். பொதுச்சொத்தைக் காக்கும் சட்டத்திற்குக் கட்டுப்படுவது நம் மார்க்கப் பண்பிலிருந்து விலகிய செயலன்று. அதன் தொடர்ச்சியே ஆகும்.

சட்டம் மௌனமாயிருக்கும் இடத்தில்

சட்டம் அனைத்தையும் சொல்லிவிடுவதில்லை. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு, மீன்தொட்டிக் கடைகளுக்கெனப் பிராணிவதைத் தடுப்பு விதிகளை வெளியிட்டது. குறிப்பிட்ட பல மீனினங்களைக் காட்சிக்கு வைப்பதற்கும் விற்பதற்கும் அவை தடை விதித்தன. மீன் வளர்ப்போரும் வணிகரும் தங்கள் பிழைப்பு பாதிக்கப்படுவதாக முறையிட, அவ்விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அரசின் விதி வந்தது, போயிற்று. பூனையை அடைத்த பெண்ணைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் போகவில்லை.

ஓடை மீனுக்குத் தொட்டியில் எவையெவை தேவை என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். அது பிறந்தது ஓடும் நீரில். கல்லில் மோதிக் காற்றைக் கலந்துகொண்டு குளிர்ந்து வரும் நீரில். குவளை போன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்கிய நீர் அதற்கு மூச்சுத்திணறலைத் தரும். அதன் கழிவு நீரில் அமோனியா என்னும் நஞ்சாகிறது. அந்நஞ்சை மாற்றித் தீங்கற்றதாக்கும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல், பிடித்த அன்றே மீனை விடுபவர் சில நாட்களில் அது மிதக்கக் காண்கிறார். குழாய் நீரில் கலக்கும் குளோரின் அதன் செவுள்களை எரிக்கிறது. கூட்டமாய் வாழும் இயல்புடைய மீன் தனியே விடப்பட்டால் ஒடுங்கிக்கொள்கிறது. நீர்ப்புழுவும் பாசியும் உண்டு பழகிய வாய், கடையில் விற்கும் உலர்ந்த தீனியைத் தொட மறுக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்கு ஓரளவு பழகியது. ஓடையில் பிறந்த மீனுக்கோ எல்லாமே அந்நியம்.

பிராணிக்குத் தீனியளிப்பது உடையவன்மீது கடமை. இயலாதவன் அதனை விற்றுவிட வேண்டும், அல்லது விடுவித்துவிட வேண்டும், உண்ணத்தக்கதாயின் முறைப்படி உணவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருபோதும் வாட வைக்கலாகாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்துள்ளனர். இத்தீர்ப்பை மீனுக்குப் பொருத்திப் பார்த்தால், தொட்டியும் அதற்குரிய வடிகட்டியும் காற்றேற்றும் கருவியும் முன்னரே அமைக்காமல் மீனைப் பிடித்துவருவது தொடக்கத்திலேயே தவறு என்பது விளங்கும்.

விடுதலையென்னும் பேரால் வரும் கேடு

சிலர் தொட்டி அலுத்ததும், “உயிரை விடுவிப்பது புண்ணியம்” என்று கருதி, மீன்களை அருகிலுள்ள ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடுகின்றனர். இரக்கம் உயர்ந்ததே, அறிவோடு சேராத இரக்கம் கேடாய் முடிவதும் உண்டு. தொட்டியைத் தூய்மை செய்யும் என்று வாங்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இவ்வாறு வெளியேறியே இன்று தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பல நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, மீனவரின் பிழைப்பைக் கெடுத்து வருகிறது. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நம் நீர்நிலைகளில் புகுந்து நாட்டு மீன்களை விழுங்குகிறது.

நாட்டு மீனேயானாலும், தாமிரபரணி மீனைச் செய்யாற்றில் விடுவது நற்செயலன்று. ஓர் ஆற்றின் மீன் மற்றோர் ஆற்றில் புகுந்து, அங்குள்ள இனத்தோடு கலக்கவும் போட்டியிடவும் கூடும். அயல்நாட்டு மீன்களோடு ஒரே தொட்டியில் இருந்த மீன், நோயைச் சுமந்துகொண்டு ஓடைக்குத் திரும்பவும் கூடும். பிடித்த சிறிது நேரத்திற்குள், பிடித்த அதே நீரில் விடுவதே பழுதற்ற விடுதலை. அந்நிலையைக் கடந்துவிட்டால், இறுதிவரை பேணுவதோ, பேணத்தக்க ஒருவரிடம் ஒப்படைப்பதோதான் வழி. தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்னும் நபிமொழியை நம் அறிஞர்கள் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகவே போற்றி வருகின்றனர்.

ஏழையின் பிழைப்பு என்னாவது?

இங்கே நியாயமான வினா ஒன்று எழும். வண்ண மீன் தொழிலை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றனவே, அவர்களின் கதி என்ன? சென்னைக் கொளத்தூரும் அதன் சுற்றுப்புறமும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கே தொட்டிகளிலும் சிமெண்டுக் குழிகளிலும் இனம்பெருக்கி விற்கப்படும் மீன்களே மிகுதி. அவற்றை வாங்குவதால் எந்த ஓடையும் வற்றுவதில்லை. உழைப்பவனுக்கு ஹலாலான கூலியும் கிடைக்கிறது. ‘மிஸ் கேரளா’ மீனையும் இன்று தொட்டியில் இனம்பெருக்கும் வழி கண்டறியப்பட்டு, தென்கிழக்காசியப் பண்ணைகள் அதனைப் பெருமளவில் வளர்த்து விற்கின்றன. நம் ஓடையின் செல்வத்தை நாமே பண்ணையில் பெருக்கியிருந்தால், மலைமக்களின் கைக்கு வருமானமும் வந்திருக்கும், ஓடைக்கு ஓய்வும் கிடைத்திருக்கும்.

இயற்கையில் பிடித்த மீன் அனைத்துமே விலக்கத்தக்கது என்று சொல்வதும் நீதியாகாது. பிரேசில் நாட்டில் நீக்ரோ ஆற்றங்கரையிலுள்ள பார்சேலோஸ் வட்டாரத்து மக்கள் நெடுங்காலமாகக் கார்டினல் டெட்ரா என்னும் சிறுமீனைப் பிடித்து உலகெங்கும் அனுப்பி வருகிறார்கள். ஆண்டுதோறும் வெள்ளம் வடியும்போது அம்மீன்கள் பெருந்தொகையாகத் தாமே மடிந்துபோகும். ஆகவே, கைவலையால் ஒரு பங்கை எடுப்பது இனத்தைக் குன்றச் செய்வதில்லை. அந்த வருமானம் இருப்பதாலேயே மக்கள் காட்டை அழிக்கும் வேறு தொழில்களை நாடாமல், காட்டையும் ஆற்றையும் காத்து வருகிறார்கள் என்று அங்கே பல்லாண்டுகள் ஆய்ந்தவர்கள் எடுத்துரைக்கின்றனர். பரந்த வெள்ளச் சமவெளியில் எண்ணற்றுப் பெருகும் மீன் அது. சில மலையோடைகளில் மட்டும் வாழும் மீனுக்கு அந்த நியாயத்தைப் பொருத்த முடியாது. எந்த மீன், எந்த நீர், எவ்வளவு, எந்தக் காலம் என்று அறிந்த பின்னரே தீர்ப்பு.

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள்

இதுவரை கண்டவற்றால், ஓடை மீனைப் பிடித்து வளர்ப்பது மார்க்கத்தின் மூலத் தீர்ப்பில் ஆகுமானதே எனினும், அந்த அனுமதி கடமைகளால் கட்டுண்டது என்பது தெளிவாகும். பிடிக்கும் இடமும் இனமும் சட்டத்தால் விலக்கப்படாதிருக்க வேண்டும். அந்த நீரில் அவ்வினம் குன்றாதிருக்க வேண்டும். அதன் வாழ்நாள் முழுவதும் பேணும் வசதியும் பொறுமையும் வளர்ப்பவரிடம் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று ஐயத்திற்குரியதாயினும், விட்டுவிடுவதே இறையச்சத்திற்கு நெருக்கமானது. மார்க்கத் தீர்ப்பில் ஐயம் எழுவோர் தம் மஹல்லாவின் ஆலிம்களை அணுகித் தெளிவது நன்று. கடையில் வாங்குவோர், “இது பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வணிகர் மெல்ல மெல்லத் திருந்துவார்.

சிறுவர்களைக் கடிந்து விரட்ட வேண்டுவதில்லை. அபூ உமைரிடம் கனிவாய்ப் பேசிய நபியின் உம்மத்தினர் நாம். ஓடைக்குச் செல்லும் பிள்ளையோடு பெற்றோரும் செல்லட்டும். பிடித்த மீனைச் சற்று நேரம் தெளிந்த நீரில் வைத்து, அதன் கோடுகளையும் செவுளின் அசைவையும் காட்டி, படைத்தவனின் கைவண்ணத்தை எடுத்துரைத்து, பின்பு அதே ஓடையில் அப்பிள்ளையின் கையாலேயே விடச் செய்யட்டும். ஒரு தொட்டி மீன் கற்பிக்காத பாடத்தை அந்தச் சில நிமிடங்கள் கற்பிக்கும்.

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே. உங்கள் பொறுப்பிலுள்ளவை பற்றி வினவப்படுவீர்கள் என்பது நபிகளாரின் அறிவுரை. வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் வாய்பேச இயலாமல் நீந்தும் அச்சிறு உயிரும் அவ்வினாவில் அடங்கும். அதற்கு விடை கூறத்தக்கவர்களாய் நம் அனைவரையும் வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.